பெரிய ஸ்கிராம்பளர் வேண்டுமா? முதலில் தூக்கிப் பாருங்கள்!

"450 எடுப்பதா, இல்லை 500க்கே போய்விடுவதா?"

ரவாங், சுங்கை சோ, புக்கிட் செந்தோசா, பெஸ்தாரி ஜெயா பக்கத்து இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். கார்க் கடன் ஒரு வழியாகச் சீராகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் இறங்க ஒரு ஸ்கிராம்பளர் வேண்டும். வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று ஆசை. அதே வீட்டில் அம்மாவின் கேள்வி வேறு: "இந்த வண்டி அவசியந்தானா?"

ஆசையில் தவறில்லை. ஆனால், சாலை வண்டி வாங்கும் கணக்கு மண்பாதை வண்டிக்குப் பொருந்தாது. சாலையில் சி.சி. கூடினால் வசதி கூடும். மண்ணில் சி.சி. கூடினால் முதலில் கூடுவது எடை, அடுத்து செலவு. வசதி கடைசியில்தான் வரும், அதுவும் நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டுமே. இந்த வாரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே பெயர், மூன்று வண்டி

நம் ஊரில் மண்ணில் ஓடும் மோட்டார்சைக்கிள் எல்லாவற்றுக்கும் 'ஸ்கிராம்பளர்' என்றுதான் பெயர். ஆனால், கடைக்குள் நுழைந்தால் அது மூன்று வகை.

முதல் வகை மோட்டோகிராஸ். பந்தயத் தடத்துக்காகவே செய்யப்பட்டது. முன்விளக்கு இல்லை, சிக்னல் இல்லை. சாலையில் ஏற்றவே கூடாது. இரண்டாவது எண்டூரோ. காட்டுப்பாதைப் போட்டிக்கான வண்டி. எடை குறைவு, வேகம் அதிகம், பராமரிப்பும் அதிகம். மூன்றாவது டுவல் ஸ்போர்ட். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது. கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் தினமும் வேலைக்குக்கூட ஓட்டலாம்.

ஆகவே 'எத்தனை சி.சி.' என்று கேட்பதற்கு முன் 'எந்த வகை' என்று கேட்க வேண்டும். 450 சி.சி. மோட்டோகிராஸ் வண்டி ஏறக்குறைய 110 கிலோ எடையில் 50 குதிரைத்திறனுக்கு மேல் தரும். ஏறக்குறைய 142 கிலோ எடையுள்ள ஹோண்டா சிஆர்எஃப்300எல் தருவது அதில் பாதிதான். முன்னது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினாலே முன்சக்கரத்தைத் தூக்கும். பின்னது புதியவர் செய்யும் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் நம் பெரியவர்கள் எதில் போனார்கள்? இஎக்ஸ்5 கப்சாயில். அதன் சக்தி ஏறக்குறைய 8 குதிரைத்திறன். பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் அதே மண்பாதையில் ஆண்டுக்கணக்காக ஓட்டினார்கள். தாத்தா 8 குதிரையில் போன வழியில் பேரனுக்கு 50 குதிரை எதற்கு என்று கேட்டால், 'வேலைக்காக அல்ல, விளையாட்டுக்காக' என்பது நியாயமான பதில். ஆனால் வழி அதேதான், சேறும் அதேதான் என்பதை மறக்கக் கூடாது.

நம் மண் எப்படிப்பட்டது?

வட சிலாங்கூரில் ஒரே நாளில் மூன்று வகை நிலத்தில் ஓட்டலாம். ஒவ்வொன்றும் பெரிய வண்டியை ஒவ்வொரு விதமாகச் சோதிக்கும்.

ரவாங், செரண்டா, பத்தாங் காலி பக்கம் மேடும் பள்ளமுமான செம்மண். காய்ந்திருந்தால் கெட்டியான தரை. மழை பெய்துவிட்டால் மேல்பரப்பு சோப்புக் கட்டியாகிவிடும். நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை வலுக்கும். இந்தச் செம்மண் மேட்டில் ஏறும்போது நம்மை நிறுத்துவது இன்ஜின் சக்திக் குறைவு அல்ல, டயரின் பிடிமானக் குறைவு. 25 குதிரைத்திறனே பின்சக்கரத்தை நின்ற இடத்தில் சுழல வைக்கப் போதும். 50 குதிரைத்திறன் இருந்தால் அது இன்னும் வேகமாகச் சுழலும், இன்னும் ஆழமாகக் குழி தோண்டும், வண்டி பக்கவாட்டில் சாயும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, பழைய ஈய லம்ப நிலம். மலாயாவில் முதன்முதலில் மின்சாரம் பயன்பட்டது 1894இல், ரவாங் ஈயச் சுரங்கத்தில்தான். அதைக் கொண்டுவந்தவர்கள் லோக் யூவும் பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையும். அந்த ஈயத் தொழில் விட்டுச்சென்ற குளங்களும் மணல் மேடுகளும் ரவாங்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை இன்றும் உண்டு. மணலில் பெரிய இன்ஜின் உண்மையிலேயே உதவும். வேகத்தை விடாமல் மிதந்து போகலாம். ஆனால், பழைய குளங்களின் ஓரத்தில் நுண்ணிய களிச்சேறு படிந்திருக்கும். மேலே காய்ந்து வெடித்துத் தரைபோலத் தெரியும். உள்ளே இடுப்பளவு சேறு இருக்கலாம். கனமான வண்டி உள்ளே இறங்கிவிட்டால் நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தாலும் வருவது கடினம்.

மூன்றாவது, கோலசிலாங்கூர் பக்கத்துத் தாழ்நிலம். கடலோரம் களிமண், உள்ளே வந்தால் மலாயில் 'தானா கம்புட்' எனப்படும் கருமண். மட்கிய இலையும் மரமும் நீரில் ஊறி உருவான நிலம் அது. காலால் மிதித்தாலே அமுங்கும். அங்கே எடை ஒன்றுதான் கணக்கு. 100 கிலோ வண்டி தாண்டிப் போகும் இடத்தில் 150 கிலோ வண்டி அச்சு வரை புதையும்.

இந்தப் பக்கத்துச் செம்பனை இன்று நேற்று வந்ததல்ல. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது பத்தாங் பெர்ஜுந்தை அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். அந்த ஊரே இன்றைய பெஸ்தாரி ஜெயா. செம்பனை நிரைகளுக்கு நடுவே வெட்டிய மட்டைகளை அடுக்கிவைத்திருப்பார்கள். மட்டையின் முள் சாதாரண டியூபைச் சுலபமாகக் குத்திவிடும். எந்த வண்டி வாங்கினாலும் தடிப்பான டியூப் போட்டுக்கொள்ளுங்கள். டியூப் கழற்றும் கம்பியும் காற்றடிக்கும் பம்பும் பையில் இருக்கட்டும்.

எடையும் உயரமும்

மண்ணில் ஓட்டுகிறவர் விழுவார். புதியவர் ஒரு காலையில் பத்து முறைகூட விழலாம். வேகம் குறைவாக இருப்பதால் பெரும்பாலும் அடிபடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். சரிவில், சேற்றில், ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய ஐந்தாவது முறை தூக்கும்போது கை நடுங்கும். கை நடுங்கிய பிறகு நடப்பவைதான் பெரிய விபத்துகள்.

அதனால் எளிய சோதனை ஒன்று. வாங்க நினைக்கும் வண்டியை வைத்திருக்கும் நண்பரைக் கண்டுபிடியுங்கள். அவர் அனுமதியோடு வண்டியைப் புல்தரையில் மெதுவாகப் படுக்க வையுங்கள். தனியாகத் தூக்குங்கள். இடைவெளி விடாமல் ஐந்து முறை. ஐந்தாவது முறையும் முதுகு வலிக்காமல் தூக்க முடிந்தால் அந்த எடை உங்களுக்கு ஏற்றது. மூன்றாவதிலேயே மூச்சு வாங்கினால் ஒரு படி கீழே இறங்குங்கள்.

அடுத்தது இருக்கை உயரம். போட்டி எண்டூரோ வண்டிகளின் இருக்கை 950 மி.மீ. சுற்றி இருக்கும். சிஆர்எஃப்300எல் 880 மி.மீ. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு முதல் வகையில் ஒரு காலின் விரல் நுனிதான் தரையைத் தொடும். சமதரையில் அது சமாளிக்கக்கூடியது. வடிகால் ஓரத்தில், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் இடத்தில் வண்டி நின்றுவிட்டால், ஊன்றக் காலில்லாமல் அந்தப் பக்கமே சாயும். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது ஓட்டப்போகும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வெப்பமும் ஒரு பிரச்சினை. பெரிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின் காற்றோட்டம் கிடைக்கும் வேகத்தில் நன்றாக இருக்கும். செம்பனை நிழலில், காற்றே இல்லாத புழுக்கத்தில், முதல் கியரில் கிளட்சைப் பிடித்துப் பிடித்து நகரும்போது ரேடியேட்டர் கொதித்துவிடும். மின்விசிறி இல்லாத ரேடியேட்டர் கொண்ட வண்டி நம் பருவநிலைக்கு ஏற்றதல்ல.

பெரியவர்களே குறைத்துக்கொண்டார்கள்

'உலகத்துப் பந்தயக்காரர்கள் எல்லாம் பெரிய வண்டிதானே ஓட்டுகிறார்கள்?' என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ஓட்டினார்கள்தான். ஹோண்டா 1984 முதல் 2001 வரை சிஆர்500ஆர் என்ற 500 சி.சி. வகை இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைத் தயாரித்தது. கவாசாகியின் கேஎக்ஸ்500 வண்டியும் 2004 வரை வந்தது. இரண்டும் இன்றும் ரசிகர்கள் கொண்டாடும் வண்டிகள். ஆனால், அவற்றின் முழுச் சக்தியையும் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. நான்கு ஸ்ட்ரோக் 450 வந்ததும் அவற்றுக்குச் சந்தை இல்லாமல் போனது.

டக்கார் ரேலியைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடக்கும் போட்டி அது. அங்கேயும் ஒரு காலத்தில் 690 சி.சி., அதற்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடின. வேகம் அளவுமீறிப் போனதால், 2011 முதல் எல்லா மோட்டார்சைக்கிள்களுக்கும் 450 சி.சி.தான் உச்சவரம்பு. 2015இல் டக்காரை ஓடி முடித்த முதல் இந்தியரான பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் ஓட்டியதும் இந்த வரம்புக்குள்தான். 2024இல் 'ரேலி 2' பிரிவில் முதலிடம் பெற்ற கேரளத்து ஹரித் நோவா ஓட்டியதும் 450தான். அவர் ஓட்டிய அணியில், தமிழ்நாட்டின் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ் நிறுவனம் பங்காளி. உலகின் கடினமான பாலைவனத்துக்கே 450 போதும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சுங்கை திங்கி பக்கம் போய்வர அதற்கும் மேலே எதற்கு?

லைசன்ஸும் கிராண்டும்

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது பி2 லைசன்ஸ். அது 250 சி.சி. வரைதான் செல்லும். 'சின்ன வண்டிதானே' என்று நினைத்து வாங்கும் சிஆர்எஃப்300எல் வண்டியின் இன்ஜின் 286 சி.சி. ஆகவே பி2 வைத்து அதைச் சாலையில் ஓட்டினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. விபத்து நடந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது. 250ஐத் தாண்ட விரும்புகிறவர் முதலில் 'பி ஃபுல்' எடுத்துவிட்டுக் கடைக்குப் போகட்டும்.

சாலை வரி வித்தியாசம் பெரிதல்ல. தீபகற்பத்தில் 201 முதல் 250 சி.சி. வரை ஆண்டுக்கு 50 வெள்ளி, 251 முதல் 500 வரை 100 வெள்ளி, 501 முதல் 800 வரை 250 வெள்ளி. பெரிய பிரச்சினை கிராண்ட் இல்லாத வண்டி. போட்டி வண்டிகள் பல, சாலைப் பதிவு இல்லாமலே கைமாறுகின்றன. "தோட்டத்துக்குள்ள மட்டும்தானே ஓட்டப் போற, கிராண்ட் எதுக்கு தம்பி?" என்று விற்பவர் சொல்வார். வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் இரண்டு கிலோமீட்டரும் அரசாங்கச் சாலைதான். அந்த வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பிக்கப் இல்லாதவருக்கு அந்த விலைக் குறைவு லாபமே அல்ல.

பழைய வண்டி வாங்கும்போது கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே செம்மண் தூசி இருந்தால் அந்த இன்ஜின் தூசியைக் குடித்திருக்கிறது என்று பொருள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரேடியேட்டரில் நசுங்கல், பின்சக்கரத்தை அசைத்தால் ஆட்டம் இவற்றையும் கவனியுங்கள்.

கிலோமீட்டர் அல்ல, மணி நேரம்

போட்டி எண்டூரோ வண்டியின் பராமரிப்பு கிலோமீட்டர் கணக்கில் இல்லை, மணிக்கணக்கில். கேடிஎம் இஎக்ஸ்சி-எஃப் வகை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பொதுவாக 15 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இன்ஜின் எண்ணெய் மாற்ற வேண்டும். ஞாயிறுதோறும் நான்கு மணி நேரம் ஓட்டினால், மாதம் ஒருமுறை எண்ணெய் மாற்றம். வால்வு இடைவெளி பார்ப்பது, பிஸ்டன் மாற்றுவது எல்லாம் அந்த மணிக்கணக்கிலேயே வரும். டுவல் ஸ்போர்ட் வண்டியோ பல ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் கேட்கும். ரவாங்கில் உள்ள சாதாரண மோட்டார் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கையில் உள்ள பணத்தைப் பத்துப் பங்காகப் பிரியுங்கள். வண்டிக்கு ஏழு பங்கு. ஹெல்மெட், கண்ணாடி, பூட்ஸ், முழங்கால் காப்பு, மார்புக் காப்பு ஆகியவற்றுக்கு இரண்டு பங்கு. முதலாண்டு டயருக்கும் சர்வீசுக்கும் ஒரு பங்கு. பத்தையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, காலணியோடு ஓட்டுகிறவர்களைத் தோட்டத்தில் பார்க்கலாம். கணுக்கால் முறிந்தால் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது. அந்தச் சம்பளத்தில் நல்ல பூட்ஸ் எத்தனை ஜோடி வரும் என்று கணக்குப் போடுங்கள்.

யாருக்கு எது?

மண்ணில் இதுவரை ஓட்டாதவர்: 150 முதல் 250 சி.சி. வரை. கவாசாகி கேஎல்எக்ஸ் வரிசை, பழைய ஹோண்டா சிஆர்எஃப்250எல் போன்றவை. பி2 லைசன்ஸ் போதும். ஓராண்டு ஓட்டிவிட்டு விற்றாலும் பெரிய நஷ்டம் வராது.

இரண்டு மூன்று ஆண்டு ஓட்டியவர், கடினமான மேடுகளில் ஏறப் பழகியவர்: 300 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் எண்டூரோ. எடை 105 கிலோவைச் சுற்றித்தான். மெதுவான வேகத்திலும் இழுக்கும். நம் செம்மண்ணுக்கு மிகவும் பொருத்தமான 'பெரிய' வண்டி இதுதான்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவர், உடல்கட்டு உள்ளவர், பிக்கப்பும் கூட்டாளிகளும் உள்ளவர்: 450 அல்லது 500 எண்டூரோ. கேடிஎம் 500 இஎக்ஸ்சி-எஃப் வண்டியின் 510 சி.சி. இன்ஜின் மூன்றாவது கியரிலேயே மேடேறிவிடும். தெரிந்தவர் கையில் அது சுகம்.

நீண்ட பயணம் விரும்புகிறவர்: 650, 690. கேடிஎம் 690 எண்டூரோ ஆர் ஏறக்குறைய 75 குதிரைத்திறன் தரும். சாமான் கட்டிக்கொண்டு, கோல குபு பாரு வழியாகப் பிரேசர் மலைப் பக்கம் போய், இடையில் சரளைப் பாதையில் இறங்கி வரலாம். சேற்று நிரைகளுக்குள் அதை இறக்காதீர்கள்.

தோட்டத்துக்குள் போகும் முன்

தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் கேட்டு, ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை. பழம் ஏற்றும் நாளில் போகாதீர்கள். டிராக்டர் வரும் பாதையில் திருப்பம் தெரியாது. ராஜா மூசா போன்ற வனக்காப்பகங்களுக்குள் நுழைய, 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும். வறண்ட காலத்தில் கருமண் நிலம் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகையும். சூடான சைலன்சரைக் காய்ந்த புல்மேல் சாய்த்து வைக்காதீர்கள். லயங்களும் கோயிலும் இடுகாடும் உள்ள பக்கம் ஆக்சிலேட்டரைக் குறைத்துப் போங்கள். அங்கே இன்னும் நம் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களும் நம் ஆட்களே.

தனியாகப் போகாதீர்கள். குறைந்தது மூன்று பேர்: ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, ஒருவர் போன் சிக்னல் கிடைக்கும் இடம் வரை போய் 999ஐ அழைக்க. எந்தத் தோட்டம், எந்த நுழைவாயில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். பி2வுக்குள் அடங்கும் வண்டி, முழுப் பாதுகாப்பு உடை, கிராண்ட், கூடப் போகும் இரண்டு நண்பர்களின் போன் எண்கள் என இந்த நான்கையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். 500 சி.சி. வண்டியின் படத்தைக் காட்டித் தொடங்கும் பேச்சைவிட இது சீக்கிரம் சம்மதத்தில் முடியும். இரண்டு ஆண்டு கழித்து பெரிய வண்டிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால், அப்போது ஐந்து முறை தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம்: மழைக்காலத்துக்கு ஏற்ற மண்பாதை டயரும் காற்றழுத்தமும்.